மூன்று கோமதிநாயகங்களும் என் புரோகிராமும்

டேட்டாபேஸ் லைப்ரரியை வைத்துப் புரோகிராம் எழுதுவதுதான் என் தொழில் என்று சங்கரன்கோவிலில் யாரிடம் சொன்னாலும், அடுத்த கேள்வி "லோயரா, ஹையரா?" என்றுதான் வரும். டைப்ரைட்டிங்கில் அதற்கு மேல் ஒன்று இருப்பதாக அவர்கள் நினைப்பதில்லை. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். எங்கோ ஒரு மாடியறையில் தனியாக உட்கார்ந்து இதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இந்தச் சம்பவங்களை எழுதுகிறேன். ஆறுதல் இல்லாவிட்டாலும் எச்சரிக்கையாகவாவது இருக்கும்.

ஜெராக்ஸ் புத்தகம்

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா தறி ஓட்டுகிறவர். பி.எஸ்ஸி. கணக்கும், திருநெல்வேலியில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்த பிறகு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த ஒருவர் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவரை எல்லோரும் 'சார்' என்போம். பதினெட்டு டைப்ரைட்டர்களுக்கு நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, அதைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு கட்டி, செருப்பை வெளியே விடச் சொல்லிப் பலகையும் மாட்டியிருந்தார். அதை வைத்து என்ன செய்வது என்பது மட்டும் என் பொறுப்பு.

ஒருநாள் மதுரையிலிருந்து இரண்டு ஃப்ளாப்பியும், ஜெராக்ஸ் எடுத்துத் தைத்த ஒரு தடிப் புத்தகமும் கொண்டுவந்தார். அதுதான் லைப்ரரி. அது தனியாக ஓடாது. அதற்கென்று திரை கிடையாது, மெனு கிடையாது. நாம் எழுதும் புரோகிராமோடு சேர்ந்துகொண்டு, 'இந்த விவரத்தைப் போட்டு வை', 'இந்தப் பெயருக்கு உள்ளதை எடு' என்றால் செய்யும். செய்ததும் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது. வேறு எண் என்றால் ஏதோ இடிக்கிறது. என்ன என்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கங்கள்தான் ஜெராக்ஸில் மங்கலாக விழுந்திருந்தன. எனக்குப் பயமாக இருந்தது. சாரும் ஒருமுறை புத்தகத்தைப் படித்துவைத்தால் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நானும் படிக்கணும்னா, நீ எதுக்கு தாயி?" என்றார்.

பச்சைத் திரை

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை ஊரிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு. ராயகிரி, கரிவலம்வந்தநல்லூர், இளையரசனேந்தல் என்று சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் அங்கே ஆட்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு கார்டு. கார்டுகள் பிஸ்கட் டின்களில் இருந்தன. யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அவர் கார்டின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதியிருக்கும். பெரும்பாலும் பென்சிலின். தோலில் ஒரு சொட்டு ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஊசியைப் போடுவார்கள். அந்த ஒரு சொட்டுக்கே ஒரு பெண் மூச்சு முட்டி விழுந்து, பிழைத்தது பெரும்பாடாகியிருந்தது. அவர் கார்டில் சிவப்பு மை முன்பே இருந்தது. அன்றைக்குக் கார்டுதான் கையில் கிடைக்கவில்லை. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டர் கம்ப்யூட்டர் வாங்கினார். பெயரைத் தட்டியதும் சிவப்பு மை கண்ணில் பட வேண்டும், மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த மானிட்டரில் பச்சையைத் தவிர வேறு நிறம் கிடையாது. அதனால் மருந்தின் பெயரைக் கட்டம் போட்டு, விட்டு விட்டு மின்னச் செய்து, கூடவே 'பீப்' சத்தமும் வைத்தேன். அதைக் காட்டிய அன்று கம்பவுண்டர் செல்லையா அண்ணாச்சியும் வந்து நின்று பார்த்தார். அந்த டின்களையெல்லாம் இருபது வருடமாக ஒழுங்காக வைத்திருந்தவர் அவர்தான்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா ரயிலுக்கே பச்சைன்னா போலாம்னுல்லா அர்த்தம்?"

கரண்ட்

லைப்ரரி, விவரத்தை ஒரு ஃபைலில் எழுதும். அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பை இன்னொரு ஃபைலில் எழுதும். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போய்விட்டால், ஆள் உள்ளே இருப்பார். பெயரைக் கேட்டால் இல்லை என்று வரும். அது ஆடி மாதம். காற்றடித்து எங்காவது ஒரு கம்பி அறுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் குறிப்பு ஃபைலை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம். அதுவரை காய்ச்சல்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்ப்பார்கள். பார்க்காதவர்களும் என்னைத்தான் பார்ப்பதாக எனக்குத் தோன்றும்.

இதையெல்லாம் டெய்சி சிஸ்டரிடம் விளக்கிச் சொன்னேன். அவர் அங்கே மூத்த நர்ஸ். பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு அவரைத்தான் பழக்கியிருந்தேன். முதல் நாளிலிருந்தே என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"கரண்டு போனா ஃபேன் நிக்கும், கிரைண்டர் நிக்கும். பேரு எப்படிட்டி போகும்?"

கட்டாயக் கட்டம்

லைப்ரரிக்கு ஒரு விவரத்தைத் தேட ஓர் அடையாளம் வேண்டும். நோயாளியின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர் மூன்றையும் சேர்த்து அடையாளமாக வைத்திருந்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் புரோகிராம் அடுத்த கட்டத்துக்கு நகராது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

புரோகிராம் ஓட ஆரம்பித்த இரண்டாம் நாளே இளையரசனேந்தலிலிருந்து ஒரு பெண் வந்தார். நல்ல காய்ச்சல். டெய்சி சிஸ்டர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். அந்தப் பெண் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். காலண்டரில் முருகன், வள்ளி, தெய்வானை, மயில் எல்லாம் இருந்தன. முருகன் என்று அடித்தோம், இல்லையென்று தலையாட்டினார். வேலாயுதம், இல்லை. சுப்பிரமணியன், இல்லை. பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது. வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொரு பெயர் சொல்ல ஆரம்பித்தார்கள். அன்று மத்தியானம் அந்தக் கட்டத்தை அடையாளத்திலிருந்து எடுத்துவிட்டேன். இனிஷியல், பெயர், ஊர் போதும் என்று வைத்தேன். அது அவ்வளவு பெரிய முடிவு என்று அப்போது தெரியாது. அந்தப் பெண் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது.

"காய்ச்சல் எனக்குத்தான. அவுக பேரு எதுக்கு?"

எண் ஐந்து

புதிதாக வருகிறவர்களை நேரே கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டு, பழைய கார்டுகளையும் ஒரு பக்கம் ஏற்றினோம். கார்டில் தமிழில் இருப்பதை டெய்சி சிஸ்டர் வாசிப்பார். நான் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பேன். சில கார்டுகளுக்கு லைப்ரரி பூஜ்யத்துக்குப் பதிலாக ஐந்தைத் திருப்பித் தந்தது. மங்கல் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். இதே அடையாளத்தில் ஏற்கெனவே ஒரு விவரம் இருக்கிறது என்று அர்த்தம். சிஸ்டரிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொலைத்துவிட்டுப் புதிதாகக் கார்டு போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய என்றார். இரண்டு கார்டை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு.

இரண்டைப் பார்த்த நான் மூன்றாவதைப் பார்க்கவில்லை. ஐந்து வந்தால் பழைய விவரத்தின் மேலேயே புதியதை எழுதிவிடு என்று புரோகிராமில் நான்கு வரி சேர்த்தேன். அதன் பிறகு எந்தக் கார்டுக்கும் வேலை நிற்கவில்லை. ஏற்றி முடித்தபின் கார்டுகளை எண்ணி, உள்ளே இருக்கும் பெயர்களோடு ஒத்துப் பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் அடித்த களைப்பில் அதைச் செய்யவில்லை. திரையில் வந்த மொத்தத்தைப் பார்த்து, நான் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கிறதே என்று மட்டும் சொன்னேன்.

"குறைஞ்சா நல்லதுதானட்டி. ஊருல சீக்கு குறைஞ்சிட்டுன்னு நெனச்சுக்கோ," என்றார் டெய்சி சிஸ்டர்.

திருத்திய வயது

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. ஒரு புதன்கிழமை காலை இன்ஸ்டிடியூட்டுக்குப் போன் வந்தது. டெய்சி சிஸ்டர்தான். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எம். கோமதிநாயகம் என்று ஒரு பெரியவர் இருமலுக்காக வந்திருக்கிறார், வயது அறுபது. திரையில் முப்பத்து நான்கு வயது, காலில் ஆணி குத்திய காயம், நேற்று வந்து போனதாகக் காட்டுகிறது. என்ன செய்ய என்று கேட்டார். பழைய கார்டுகளை இறக்கி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் செல்லையா அண்ணாச்சி பரணிலிருந்து டின்னை இறக்கிவிட்டார். அந்த ஊருக்கு மூன்று கோமதிநாயகம் கார்டுகள் இருந்தன. ஒருவர் மா., இருவர் மு. இங்கிலீஷில் மூவரும் எம். வயது அறுபது, முப்பத்து நான்கு, பன்னிரண்டு. மூன்றில் ஒரு கார்டின் தலைப்பில் சிவப்பு மை. அது முப்பத்து நான்கு வயதுக்காரருடையது. நான் கடைசியாக ஏற்றியது பன்னிரண்டு வயதுப் பையனின் கார்டு. அதில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது மற்ற இருவர் மேலும் எழுதப்பட்டுவிட்டது.

நேற்று வந்தவருக்கு என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பென்சிலின்தான். ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்திருந்ததால், கடையில் வாங்கி அவர் ஊரிலேயே கம்பவுண்டர் ஒருவரிடம் போட்டுக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வயது என்று திரையில் வந்ததைப் பார்த்து ஏன் சந்தேகப்படவில்லை என்று கேட்டேன். டெய்சி சிஸ்டர் சிவப்பு மைக் கார்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ தப்பா அடிச்சிருப்பன்னு நெனச்சேன்ட்டி. உன்ன ஏச வேண்டாம்னு நானே வயசத் திருத்திட்டேன்."

டாக்டர் அறை

அங்கிருந்தே சாருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியை விட்டால் எங்களுக்கு வேறு பெரிய வாடிக்கையாளர் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிய கடனும் இருந்தது. ஆளைத் தேடிப் போ, ஆனால் டாக்டரிடம் இப்போது வாயைத் திறக்காதே, கார்டு மாறிவிட்டது என்று அண்ணாச்சியைச் சொல்லச் சொல், இரண்டு நாளில் புரோகிராமைச் சரிசெய்துவிடு என்றார். வேலை போய்விட்டால் வீட்டில் என்ன சொல்வது என்று எனக்கும் ஓடியது. படிக்க வைத்து என்ன கண்டாய் என்று தறிக்கூடத்தில் யாரும் அப்பாவைக் கேட்டுவிடக் கூடாது என்பது என் பெரிய பயம்.

ஆனால் கார்டு மாறிவிட்டது என்று சொன்னால், இதே போல் இன்னும் எத்தனை பேர் அழிந்திருக்கிறார்கள் என்பதை யாரும் தேடமாட்டார்கள். அடுத்து வருகிறவருக்கும் திரை ஒன்றுமில்லை என்றுதான் காட்டும். போனை வைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனேன். உள்ளே ஒருவருக்கு ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து அவரை வெளியே உட்காரச் சொன்னார். "டாக்டர், தப்பு என்னோடது. புரோகிராம் சிவப்பு மையை அழிச்சிருக்கு. ஒருத்தருக்கு நேத்து பென்சிலின் எழுதியாச்சு. இன்னும் எத்தனை பேர்னு தெரியாது," என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மணியை அடித்து டெய்சி சிஸ்டரைக் கூப்பிட்டு, கார்டை எல்லாம் ஒத்துப் பார்த்து முடிக்கும்வரை யாருக்கும் பென்சிலின் கிடையாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். எப்படி நடந்தது என்று விளக்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் அப்புறம்மா. இப்ப அந்த ஆளு எங்கே?"

எந்தக் கோமதிநாயகம்?

செல்லையா அண்ணாச்சியும் நானும் பஸ் ஏறினோம். கார்டில் தெரு இல்லை, தகப்பனார் பெயரும் இல்லை. கரிவலத்தில் இறங்கி எதிரே இருந்த டீக்கடையில் கேட்டோம்.

"எந்தக் கோமதிநாயகம்?" என்றார் கடைக்காரர்.

"மு. கோமதிநாயகம்."

"முத்தையா மவனா, முருகையா மவனா, முப்பிடாதி மவனா?"

"முப்பத்தி நாலு வயசு இருக்கும்," என்றேன்.

"வயச யாரு தாயி எண்ணிக்கிட்டு இருக்கா?"

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பாட்டன் பேர மூத்த பேரனுக்கு விடுவோம். அஞ்சு மவன் இருந்தா அஞ்சு வீட்டுலயும் மூத்தவன் உண்டுல்லா. அதான் இத்தன கோமதிநாயகம்."

என் வீட்டிலும் அதுதான் வழக்கம். என் அண்ணனுக்கும் பெரியப்பா மகனுக்கும் ஒரே பெயர். இனிஷியல், பெயர், ஊர் போதும் என்று முடிவு செய்த அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. கால் காயத்தைப் பற்றிச் சொன்னேன். அறுவடை நேரத்தில் யார் காலில்தான் காயமில்லை என்றார்கள். செல்லையா அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ வே, அந்த ஆளுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது வே! போட்டா உசுருக்கு ஆபத்து!"

"யாரு, ஊசி ஆகாத கோமதியா?" என்றார் கடைக்காரர். "மேலத்தெரு, நீலக் கதவு. இத மொதல்லயே கேக்க வேண்டியதுதான அண்ணாச்சி?"

ஊரில் அவருக்கு அதுதான் பெயர். நான் எந்த விவரத்தை அழித்தேனோ, அதை வைத்துத்தான் ஊர் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஏறக்குறைய ஓடினோம். நீலக் கதவு திறந்திருந்தது. அவர் காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மருந்துப் புட்டி அலமாரியில் காகிதம் பிரிக்காமல் இருந்தது. ஊசி போடுகிறவர் ஒரு கல்யாணத்துக்காக ராயகிரி போயிருக்கிறார், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார் அவர் மனைவி. அப்போது மணி பதினொன்றே முக்கால். செல்லையா அண்ணாச்சி புட்டியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நின்றவாக்கிலேயே அவரை ஏசினார். ஊருக்கே தெரிந்திருக்கிறது, உமக்கு ஊசி ஆகாது என்று உமக்குத் தெரியாதா, நேற்றே சிஸ்டரிடம் சொன்னால் என்ன என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர்காரப் பெண் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

"சொல்லணும்னு வாயெடுத்தேன் அண்ணாச்சி. அதுக்குள்ள அந்தம்மா பெட்டியப் பாத்துட்டு, உமக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டாவ. சரி, அது நமக்குத் தெரியாம குணமாயிருக்கும் போலன்னு நெனச்சேன்."

நாற்பத்தொன்று

மறுநாளிலிருந்து ஆறு நாள் டெய்சி சிஸ்டரும் செல்லையா அண்ணாச்சியும் நானும் கார்டுகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தோம். நாற்பத்தொரு பேர் இன்னொருவருக்குக் கீழே போயிருந்தார்கள். அவர்களில் சிவப்பு மைக்காரர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் அந்த இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அது எங்கள் திறமை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, அதையே அடையாளமாக வைத்தேன். ஐந்து வந்தால் புரோகிராம் அப்படியே நிற்கும்படி மாற்றினேன். ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். அந்தக் கட்டத்தைச் சொல்ல மட்டும் யாரும் தயங்குவதில்லை. சில சமயம் பின்னால் நிற்பவரே சொல்லிவிடுகிறார்.

சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வெளியே நின்று, வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, அடுத்த வாரம் லேபாரட்டரிக்கும் ஒரு புரோகிராம் வேண்டும் என்றார். நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். என் தயக்கம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நீ வந்து சொன்னதுனாலதான் கேக்கேன். கம்ப்யூட்டர் இருக்கட்டும், கார்டை மட்டும் யாரும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டுடாதீங்க."

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் புரோகிராமும் ஒரு கட்டம் காலியாக இருந்தால் 'ஒன்றுமில்லை' என்று காட்டுவதில்லை, 'எனக்குத் தெரியாது, எதிரே நிற்பவரைக் கேளுங்கள்' என்றுதான் காட்டுகிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் இப்படிச் சொல்லலாமா என்று வாடிக்கையாளர்கள் எல்லோருமே வருத்தப்படுகிறார்கள்.